அக்கா ஆல்டோ பாடினாள்

ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர். சர்ச் ஹாலில் எங்களை வரிசையாக நிற்கவைத்துப் பேர் கூப்பிட்டார்கள். எல்லாருக்கும் ஒரே மெரூன் சுடிதார், ஒரே ஒற்றைப் பின்னல், கையில் பெட்டி. எதிரே அந்த ஊர்க்காரர்கள் கோட்டு போட்டு நின்றார்கள். இரண்டு இரண்டு பேராகக் கூப்பிடுவார்கள். உடனே ஒரு குடும்பம் முன்னால் வந்து கை கொடுத்து, பெட்டியை வாங்கி, காரில் ஏற்றிக் கூட்டிப்போய்விடும். சர்ச்சில் பாடுகிற கொயர் வெளிநாடு போனால் ஹோட்டல் கிடையாது, யார் வீட்டிலாவதுதான் தங்கணும் என்று கொயர் மாஸ்டர் முன்னாடியே சொல்லியிருந்தார். ஆனாலும் நான் அக்காவை ஒட்டி நின்றுகொண்டேன்.

"ஆட்டுச் சந்த மாதிரியே இருக்குதுடி" என்றாள் அக்கா. "பல்லப் பாத்துத்தான் எடுப்பாங்க. வாய மூடு."

"சும்மா இரு."

"கைக்கு, ஏன்டி அழுவுற மாதிரி மூஞ்சி வெச்சிருக்க? சிரி. இல்லன்னா நம்மளத் திருப்பி சிக்கிந்திராபாத்துக்கே அனுப்பிருவாங்க."

நான் சிரித்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து எங்கள் பேரைக் கூப்பிட்டார்கள்.

அந்த அக்கா இப்போது இல்லை. அடுத்த வருஷம் மழைக்காலத்தில் டெங்கு வந்து செத்துப்போனாள். காய்ச்சல் விட்டுவிட்டது, நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த நாளைக்கு வரவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி என்னால் எழுத முடியாது.

நாங்கள் சிக்கிந்திராபாத் பக்கத்தில் மல்லாபூரில் இருக்கிறோம். அப்பாவின் தாத்தா காலத்திலேயே வெள்ளைக்காரர்களோடு சிக்கிந்திராபாத் வந்த குடும்பம். தமிழ்ச் சர்ச் மட்டும் விடவில்லை, மற்ற எல்லாம் இந்த ஊர் மாதிரி ஆகிவிட்டது. அப்பா இங்கே ஒரு கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ்ஸில் வேலை பார்க்கிறார். அந்தச் சத்தத்தில் அவர் காது போய்விட்டது. சுத்தமாகப் போகவில்லை. பக்கத்தில் வந்து உரக்கச் சொன்னால் கேட்கும். நான் பத்தாவது பெயில். ஜீடிமெட்லாவில் மாத்திரை பேக்கிங். அக்கா அமீர்பேட்டில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் வார்டனுக்கு உதவியாக இருந்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் உருப்படியாக இருந்தது வாலிபர் கொயர் ஒன்றுதான்.

கொயரில் நான் சோப்ரானோ. அதாவது பாட்டின் மெட்டு, எல்லாருக்கும் தெரிகிற மெட்டு, அதைப் பாடுகிறவள். அக்கா ஆல்டோ. மெட்டுக்குக் கீழே நின்று அதைத் தாங்குகிற வரிசை. ஆல்டோவை மட்டும் தனியாகப் பாடினால் அது பாட்டு மாதிரியே இருக்காது. அக்கா வீட்டில் பிராக்டிஸ் பண்ணும்போது பக்கத்து வீட்டுத் தெலுங்கு ஆன்ட்டி ஜன்னலில் வந்து, "என்னம்மா, உங்க அக்காவுக்கு வயித்து வலியா?" என்று கேட்பார். தமிழும் தெலுங்கும் கலந்துதான் கேட்பார். அக்கா, "ஹவ் ஆன்ட்டி, ஆமா, மருந்து இருந்தா குடுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி அதே ஒற்றைச் சுரத்தில் இழுப்பாள்.

மாஸ்டருக்கு ஒரு பழக்கம் உண்டு. நாங்கள் பாடும்போது வரிசைக்கு நடுவில் குனிந்து குனிந்து நடப்பார். ஒவ்வொரு வாய்க்கும் பக்கத்தில் காதைக் கொண்டுவருவார். யார் குரலாவது தனியாகக் கேட்டால் பென்சிலால் அவர்கள் தோளில் தட்டுவார். "கொயர்ல ஒருத்தர் குரல் தனியாக் கேக்கக் கூடாது. கேட்டா அது கொயரே இல்ல." என் தோளில் தட்டாத நாளே கிடையாது. அக்காவை ஒருநாளும் தட்டியதில்லை. "உங்க அக்காவப் பாரு. நிக்கிறாளா இல்லையான்னே தெரியல. அப்படிப் பாடணும்" என்பார். அக்கா என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவாள். அது அவளுக்குப் பெரிய பெருமை.

அப்பா ஞாயிற்றுக்கிழமை ஆல்டோ நிற்கிற பக்கமாகப் பார்த்து முதல் பெஞ்சில் உட்காருவார். காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொள்வார். வீட்டுக்கு வந்து, "இன்னைக்கும் உன் குரல் எதுன்னு தெரியலம்மா" என்பார்.

"தெரியக் கூடாதுப்பா! அதான்பா ஆல்டோ!" என்று அக்கா அவர் காதில் கத்துவாள்.

"ஒருநாள் தனியாப் பாடிக் காட்டேன்."

"நக்கோப்பா, வேணாம். வெக்கமா இருக்கு."

அவள் பாடவே இல்லை. வெட்கம்தான், வேறொன்றும் இல்லை.

ஜெர்மனியில் எங்களை எடுத்துக்கொண்டவர் வயதான ஒரு அம்மா. பல் டாக்டரிடம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார், காலையில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து ரொட்டி வாங்கி வந்து மேசையில் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவார். எங்களுக்கு மேலே சரிவான கூரைக்குக் கீழே ஓர் அறை. கட்டில் இரண்டு, போர்வை இரண்டு, தலையணை மேல் ஆளுக்கொரு சாக்லெட். இந்த மாதிரி எனக்கென்று தனிக் கட்டில் அதற்கு முன்னால் எங்கேயும் இருந்ததில்லை. முதல் ராத்திரியே நான் அக்கா கட்டிலுக்குப் போய்விட்டேன். காலையில் அந்த அம்மா வந்து பார்த்து, கட்டில் சரியில்லையோ என்று பயந்துபோனார்.

அங்கே சாயங்காலம் அடுப்பு மூட்ட மாட்டார்கள். கறுப்பு ரொட்டி, வெண்ணெய், சீஸ், அவ்வளவுதான். அக்கா பெட்டியில் ஒளித்து வைத்திருந்த ஆவக்காய் ஊறுகாயை எடுத்து ரொட்டியில் தடவிக்கொண்டாள். அந்த அம்மாவும் ஆசையாகக் கேட்டு ஒரு கடி கடித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது, ஆனாலும் துப்பவில்லை. சிரித்துக்கொண்டே விழுங்கினார்.

பாத்ரூமில் தண்ணீருக்கு மக் கிடையாது, வெறும் பேப்பர். அக்கா தோட்டத்தில் இருந்த பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சின்ன வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெளியே வரும்போது அந்த அம்மா பார்த்துவிட்டார். என்ன நினைத்தாரோ, மறுநாள் காலையில் பாத்ரூம் ஜன்னலில் ஒரு பூந்தொட்டி இருந்தது. நாங்கள் தண்ணீர் ஊற்ற ஆசைப்படுகிறோம் என்று கொண்டுவந்து வைத்திருக்கிறார். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு பாவமாக இருந்தது. தினமும் அதற்குத் தண்ணீர் ஊற்றினோம்.

அவருக்கு எங்களில் யார் யார் என்று தெரியாது. ஒரே துணி, ஒரே பின்னல், உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான். அக்கா பேரைச் சொல்லி என்னைக் கூப்பிடுவார், என் பேரைச் சொல்லி அவளைக் கூப்பிடுவார். முதலில் திருத்தினோம். அவர் நெஞ்சில் கை வைத்து மன்னிப்புக் கேட்பார், கொஞ்ச நேரத்தில் மறுபடி மாற்றிக் கூப்பிடுவார்.

"விடுடி" என்றாள் அக்கா. "பெரியவங்க. சாப்பாடு போடுறாங்க. சும்மா சும்மா நீங்க சொல்றது தப்புன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? யாரக் கூப்பிட்டாலும் ரெண்டு பேரும் போவோம்."

அப்படியே செய்தோம். யார் பேரைச் சொன்னாலும் இரண்டு பேரும் மாடிப்படியில் தடதடவென்று இறங்குவோம். அவருக்கு அது பிடித்திருந்தது.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம், சாப்பிட்டு முடித்த பிறகு, உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று பாடுங்கள், கொயர்ப் பாட்டு வேண்டாம், வீட்டுப் பாட்டு என்று கேட்டார். நான்தான் பாடணும் என்று நினைத்து, எந்தப் பாட்டு என்று கேட்க அக்காவைப் பார்த்தேன். அவள் பிளேட் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்துக்கொண்டே பாட ஆரம்பித்தாள். எங்கள் அம்மா சமைக்கும்போது பாடுகிற ஒரு கீர்த்தனை.

எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. அத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்தும் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. கொஞ்சம் கரகரப்பு. அடியில் இருந்து வந்தது. மேலே போகும்போது அவள் உரக்கப் போகவில்லை, இன்னும் சின்னதாக ஆக்கிக்கொண்டாள். வீட்டுக்காரர் தோட்டத்துக் கதவிலேயே நின்றுவிட்டார். அந்த அம்மா போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் காலை நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அந்தப் பாட்டு வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது, நானும் பாடினேன். அவ்வளவுதான்.

அக்கா அடக்கத்துக்குக் கொயர் வந்து பாடியது. நான் பாடவில்லை, அம்மாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆல்டோவில் ஆள் குறைகிறதே, பாட்டில் எங்கேயாவது ஒரு ஓட்டை விழும் என்று நினைத்தேன். விழவில்லை. எல்லாம் நன்றாக இருந்தது. எனக்கு மாஸ்டரை அடிக்கணும் போல இருந்தது.

அதற்குப் பிறகு அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அவ பாடினது எங்கயாவது இருக்காம்மா? அவ மட்டும்?"

அக்கா பேசின வாய்ஸ் மெசேஜ் இருந்தது. பஸ் கிடைச்சிருச்சு, பால் வாங்கிட்டு வரவா, அந்த மாதிரி. அப்பா அதைக் கேட்டுவிட்டு, "இது இல்ல. பாட்டு" என்றார். சர்ச்சில் எடுத்த வீடியோ எல்லாவற்றையும் ஹெட்போன் போட்டுத் தேடினேன். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், கல்யாணங்கள், ஜெர்மனிக் கச்சேரி. ஒவ்வொன்றிலும் என் குரல் பளிச்சென்று கேட்டது. அவள் குரல் ஒன்றிலும் கேட்கவில்லை. வாய் அசைகிறது, முகம் தெரிகிறது, குரலை மட்டும் பிரித்து எடுக்க முடியவில்லை. அவ்வளவு நன்றாகப் பாடியிருக்கிறாள்.

முதலாம் வருஷ நினைவு ஜெபம் வீட்டில் வைக்கலாம் என்று பேசியபோதுதான் எனக்கு அந்தச் சமையலறை ஞாபகம் வந்தது. அப்பாவிடம் சொன்னேன். அவர் அன்றைக்குச் சட்டை மாற்றி, ஷேவ் பண்ணிக்கொண்டு வந்து உட்கார்ந்தார், இப்போதே வந்துவிடும் என்பது போல.

அந்த அம்மாவை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் கேட்டேன். வீடியோ இருக்கா? அக்கா பாடினது?

இருக்கிறது என்றார். அழுதார். அவள் செத்ததைக் கேள்விப்பட்ட அன்றைக்கே அதைத் தனியாக எடுத்துப் பத்திரப்படுத்தினேன் என்றார். எங்கள் சர்ச்சில் அதைப் போட்டோம், எல்லாரும் எழுந்து நின்று கேட்டார்கள், மெழுகுவர்த்தி ஏற்றினோம் என்றார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் காதில், "இருக்காம்ப்பா!" என்று கத்தினேன். அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

வீடியோ மறுநாள் வந்தது. எங்கள் கம்பெனியில் போனை உள்ளே விடமாட்டார்கள், கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஷிப்ட் முடிந்து வாங்கி, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஹெட்போன் மாட்டித் திறந்தேன்.

பின்னாலிருந்து எடுத்திருந்தார். மெரூன் சுடிதார், பின்னல், பாத்திரம் கழுவுகிற தொட்டி, ஜன்னல் வெளிச்சம். பாட்டு ஆரம்பித்தது. அக்கா என்றுதான் நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். கேட்க ஆசைப்பட்டதுதான் காதில் விழுந்தது. பாலாநகர் தாண்டுவதற்குள் அழ ஆரம்பித்துவிட்டேன்.

பிறகு, வீடியோவில் எங்கேயோ தூரத்திலிருந்து, மாடிப்படியாக இருக்கும், ஒரு குரல் வந்தது. "ஏய், மெதுவாடி. கத்தாத."

அதுதான் அக்கா. பாடுகிறது நான்.

காலையில் எடுத்தது அது. எனக்குத் தெரியாமல் எடுத்திருக்கிறார். அங்கேயே பஸ்ஸிலிருந்து அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். இன்னொன்று இருக்குமே, சாயங்காலம் எடுத்தது, பிளேட் துடைத்துக்கொண்டு பாடினது, அது வேண்டும் என்றேன்.

அந்தப் பழைய போனைக் கொடுத்தாகிவிட்டது, எல்லாவற்றையும் அழித்துத்தான் கொடுத்தேன் என்றார். அவளுடையதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். அந்த இன்னொன்று உன்னுடையதுதானே கண்ணே, நீ எப்போது வேண்டுமானாலும் பாடலாமே.

நான் தேங்க்யூ என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் வேண்டுமென்றா செய்தார்? ஒரு ஊரே எழுந்து நின்றிருக்கிறது. அது தப்பான பிள்ளை என்று எந்த வாயால் சொல்வேன். அக்கா இருந்திருந்தால் அவளும் சொல்லவிட்டிருக்க மாட்டாள்.

வீட்டில் அம்மா மட்டும் இருந்தாள். அப்பா ஜெபத்துக்கு நாற்காலி சொல்லப் போயிருந்தார். அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். பாட்டு இரண்டு வரி போவதற்குள் அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இது நீதானடி."

"ம்."

"அவளது?"

"இல்லம்மா. அழிச்சிட்டாங்க. மாத்தி வெச்சிட்டாங்க."

அம்மா கடைசி வரைக்கும் பார்த்தாள். "மெதுவாடி" வந்தபோது போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அந்த இடத்தை மட்டும் இன்னும் இரண்டு தடவை போடச் சொன்னாள். பிறகு திருப்பிக் கொடுத்தாள்.

"அப்பா வரட்டும், சொல்லிர்றேன்" என்றேன்.

"என்னன்னு சொல்லுவ?"

"இல்லன்னு."

"நேத்துலேர்ந்து மனுசன் ரெண்டு வேள ஒழுங்கா சாப்பிட்டாரு. ஒரு வருசம் கழிச்சு." அம்மா அரிசி களைய எழுந்தாள். "அவருக்குக் கேக்கவா போகுது? பாட்டுன்னு தெரியும், அவ்ளோதான். விடு."

"அம்மா, அது நானு."

"தெரியுது. நான் பெத்தவதான?"

அப்பா வந்தார். நான் போனை அவர் காதில் வைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்ததும், "எவ்ளோ பெரிய குரல்" என்றார். "இவ்ளோ பெரிய குரல வெச்சிக்கிட்டா அந்தப் புள்ள ஒளிஞ்சு ஒளிஞ்சு பாடுச்சு?"

நினைவு ஜெபத்தில் அதை ஸ்பீக்கரில் போட்டார்கள். போடச் சொன்னது அப்பாதான். வாசல் வரைக்கும் ஆட்கள். கொயர் முழுக்க வந்திருந்தது. பாட்டு ஆரம்பித்ததும் மாஸ்டர் தலையைத் தூக்கினார், நேராக என்னைப் பார்த்தார். வருஷக்கணக்காக என் தோளில் தட்டினவர், அவருக்குத் தெரியாமல் இருக்குமா. சோப்ரானோ பெண்கள் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. அப்பா எழுந்து நின்றிருந்தார், அதனால் எல்லாரும் எழுந்து நின்றார்கள். நானும் நின்றேன். சுற்றி எல்லாரும் விம்முகிறார்கள். நான் செத்தால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று தோன்றியது. அழுகை வரவில்லை.

டீ கொடுக்கும்போது அத்தை ஒருத்தி என் கன்னத்தைத் தட்டி, "நடுவுல வந்து மெதுவாடி கத்தாதன்னு சொல்றது நீதான? பாவம், பாடும்போதுகூட அவள நிம்மதியா விடமாட்டியா நீ?" என்றாள்.

"ஆமா அத்த" என்றேன்.

மாஸ்டர் போகும்போது வாசலில் நின்றார். "ஞாயித்துக்கிழம வா. நீ கொயர்ல நின்னு ரொம்ப நாளாச்சு."

"எப்படி மாஸ்டர் வர்றது? நான் வாயத் தெறந்தா அப்பாவுக்குத் தெரிஞ்சிரும்."

"அவருக்குத்தான் காது..."

"என் குரல் தனியாக் கேக்கும், மாஸ்டர். நீங்கதான சொல்லுவீங்க?"

அவர் ஷூ போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

நான் கொயருக்குப் போவதில்லை. வீட்டிலும் பாடுவதில்லை. அவள் குரலைத் தேடப் போய், இந்த வீட்டில் இருந்த ஒரு குரலும் போய்விட்டது. அந்தச் சாயங்காலம் அவள் பாடினது என் தலைக்குள் மட்டும் இருக்கிறது. அதையும் இந்த வீடியோ அடித்துக்கொண்டு போகிறது. இப்போதெல்லாம் அவள் பிளேட் துடைக்கிறது தெரிகிறது, வாயிலிருந்து என் குரல் வருகிறது. கரகரப்பு இருந்தது என்று எழுதினேன். இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

அப்பா தினமும் வேலையிலிருந்து வந்து, முகம் கழுவி, போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்காருகிறார். போன வாரம் கேட்டு முடித்துவிட்டு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். தலையைத் தடவினார்.

"உனக்கு இந்த மாதிரி வரலயேன்னு வருத்தப்படாத கண்ணு" என்றார். "எல்லாருக்குமா வரும்?"

"சரிப்பா" என்று அவர் காதில் கத்தினேன். போனில் சார்ஜ் குறைந்திருந்தது. வாங்கிக்கொண்டு போய்ச் சொருகினேன்.